நிற்க வைத்து எடுக்க வேண்டிய கால் ஸ்கேன்

தேயிலைச் சரிவில் நாள் முழுக்க நின்று கொழுந்து எடுப்பவர்களின் காலில் நரம்பு முடிச்சு புடைத்து நிற்பதை நீலகிரியில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கணுக்காலின் உள்பக்கம் தோல் கறுத்து, அரித்து, புண்ணாகிய பிறகுதான் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனுக்கு வருகிறார்கள். அந்த ஸ்கேனையும் குளிர்ந்த அறையில் படுக்க வைத்து அவசரமாக எடுத்தால், ரிப்போர்ட் 'நார்மல்' என்று வந்துவிடலாம். புண் மட்டும் ஆறாது.

காலிலிருந்து இதயத்துக்கு மேலேறும் ரத்தம் கீழே வழியாமல், அதைக் கொண்டுசெல்லும் குழாயான சிரையின் வால்வுகள் தடுக்கின்றன. வால்வு கெட்டால் ரத்தம் திரும்பி இறங்கும். படுத்திருக்கும்போது அந்த இறக்கம் குறைந்துவிடும், கசிவு தெரியாமல் போகலாம். அதனால் வால்வுச் சோதனையை நிற்க வைத்துத்தான் செய்ய வேண்டும். குன்னூர், ஊட்டியின் டிசம்பர் காலைக் குளிரில் தோலடிச் சிரைகள் சுருங்கிக் கிடக்கும். நிஜத்தில் பருத்த குழாய் திரையில் மெல்லியதாகத் தெரியும். கெட்ட சிரையை உள்ளிருந்து சுட்டு மூடும் லேசர் சிகிச்சை வேண்டுமா என்ற முடிவே அந்த அளவால் மாறிவிடலாம். அறையில் ஹீட்டர் போட்டு 22–24 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். ஜெல் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து எடுங்கள். வந்தவர் கால்மணி நேரம் கம்பளி போர்த்தி உட்காரட்டும்.

கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஸ்கேன் கருவியைப் பதிவு செய்தே வைத்திருக்க வேண்டும். நினைத்தபடி எஸ்டேட் எஸ்டேட்டாகத் தூக்கிப் போக முடியாது. எனவே நோயாளிதான் முதல் பஸ் பிடித்து வருகிறார், ஸ்கேன் என்றாலே வெறும் வயிறு என்று நினைத்துப் பட்டினியாக. கால் ஸ்கேனுக்குப் பட்டினி தேவையே இல்லை. வெறும் வயிற்றோடு பத்து நிமிடம் நின்றால் மயக்கம் வரலாம். முதலில் டீயும் பன்னும் சாப்பிடச் சொல்லுங்கள். பிடித்துக்கொள்ளக் கம்பியும், பின்னால் ஒரு நாற்காலியும் இருக்கட்டும்.

உடல் எடை மறுகாலில் இருக்க, பார்க்கும் காலை லேசாக மடக்கி வெளிப்பக்கம் திருப்பச் சொல்ல வேண்டும். லீனியர் புரோபை (ஸ்கேன் கருவியின் தட்டை முனையை) தொடை இடுக்கில் வைத்து, கெண்டைச் சதையைக் கையால் பிழிந்து சட்டென்று விடுங்கள். விட்டபின் ரத்தம் கீழ்நோக்கி 0.5 நொடிக்கு மேல் ஓடினால் தோலடிச் சிரையில் வால்வு கெட்டிருக்கிறது. தொடையின் ஆழ்சிரைக்கு அந்த எல்லை 1 நொடி. கலர் ஸ்கேலை (நிறத்தில் காட்டும் ஓட்டத்தின் வேக எல்லையை) இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் தமனிக்கு வைப்பதுபோல் உயரமாக வைத்தால் மெதுவான சிரை ஓட்டம் திரையில் வராது. 5–10 செ.மீ./நொடிக்குக் குறையுங்கள், மெதுவான ஓட்டத்தை வடிகட்டிவிடும் வால் ஃபில்டரையும் தாழ்த்துங்கள்.

திடீரென்று ஒரு கால் மட்டும் வீங்கினால் பார்க்க வேண்டியது வேறு: ஆழ்சிரையில் ரத்தக் கட்டி. இதைப் படுக்க வைத்தே பார்க்கலாம். புரோபைக் குறுக்காக வைத்து, இடுக்கிலிருந்து கெண்டை வரை 1–2 செ.மீ.க்கு ஒருமுறை அழுத்த வேண்டும். நல்ல சிரை முழுதாக அமுங்கும். பக்கத்துத் தமனி நசுங்கத் தொடங்கியும் அமுங்காத சிரையில் கட்டி இருக்கிறது. நீளவாக்கில் அழுத்தினால் புரோப் பக்கவாட்டில் வழுக்கிக் குழாய் மறையும். அமுங்கிவிட்டது என்று ஏமாந்துபோவோம். முழங்காலுக்குச் சற்று மேலே சிரை ஆழத்தில் ஓடுவதால் கட்டி இல்லாமலே அமுங்க மறுக்கும். அங்கே மறுகையைத் தொடைக்குப் பின்னால் கொடுத்து, சதையைப் புரோபை நோக்கித் தள்ளுங்கள். தொடையும் முழங்கால் மடிப்பும் மட்டும் பார்த்து 'இல்லை' என்று எழுதினால், சந்தேகம் நீடித்தால் ஒரு வாரத்துக்குள் மறு ஸ்கேன் வேண்டும். கெண்டையில் இருக்கும் கட்டி அதற்குள் மேலேறியிருக்கலாம். கால் வீக்கத்தோடு மூச்சுத் திணறலும் இருந்தால் ஸ்கேனுக்காகக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

புண்ணோடு வந்தவருக்கு உடனே இறுக்கமான கட்டு போட்டு அனுப்புவது ஆபத்து. தமனியிலும் அடைப்பு இருந்தால் அந்தக் கட்டே காலைக் கெடுத்துவிடும். பத்து நிமிடம் படுக்க வைத்து, பாதம் சூடான பிறகு, ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி, 8 மெகாஹெர்ட்ஸ் பேனா டாப்ளரால் கணுக்கால் அழுத்தத்தை அளந்து, இரு கைகளில் எது அதிகமோ அந்த அழுத்தத்தால் வகுங்கள். 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு. 0.8க்குக் கீழே முழு இறுக்கக் கட்டு வேண்டாம், 0.5க்குக் கீழே கட்டே கூடாது. 1.4க்கு மேல் வந்தால் நல்ல ரத்த ஓட்டம் என்று எழுதிவிடாதீர்கள். சர்க்கரை நோயில் தமனிச் சுவர் சுண்ணாம்பேறிப் பட்டையால் நசுங்க மறுக்கிறது என்று அர்த்தம். கால் விரலில் அழுத்தம் பார்க்க வேண்டும்.

லேசர் சிகிச்சையும் ஸ்கேனைப் பார்த்தபடியே நடக்கிறது. முழங்கால் அருகே ஊசி நுழைவதும், லேசர் ஃபைபரின் நுனி, தோலடிச் சிரை ஆழ்சிரையில் சேரும் சந்திப்புக்கு 2 செ.மீ. கீழே நிற்பதும், குழாயைச் சுற்றி மரப்பு மருந்து கலந்த சலைன் நிரம்பி, தோலுக்கும் குழாய்க்கும் 1 செ.மீ. இடைவெளி கிடைப்பதும் திரையில்தான் தெரியும். இடைவெளி குறைந்தால் தோல் சுடும். நுனி சந்திப்பை நெருங்கினால் கட்டி ஆழ்சிரைக்குள் நீளும். கோயம்புத்தூரில் செய்துகொண்டு மலை ஏறுபவர், காலில் ரத்தம் கட்டாமலிருக்க, வழியில் ஓரிரு இடத்தில் இறங்கி நடக்க வேண்டும். மறுபடி ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருந்தால், வலி இல்லை என்பதற்காக அதைத் தள்ளிப்போடக் கூடாது.