பூஜ்ஜியம் மணி நேரத் தடை

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யார் யாரைத் தடை செய்தார்கள் என்ற பட்டியல் திறந்தே கிடக்கிறது. கணக்கு இல்லாதவர்கூடப் பார்க்கலாம். தடைபட்டவர் பெயர், தடை போட்டவர் பெயர், காரணம், கால அளவு எல்லாம் அதில் இருக்கும். சாயங்காலம் வேலை முடிந்ததும் சிலர் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பார்கள், நான் இதைப் பார்ப்பேன். வம்பு படிக்கிற ஆசைதான், வேறென்ன.

வரைபடத்தைக் கெடுக்கவென்றே வந்தவர்கள்தான் இருப்பார்கள் என்று நினைத்துப் போனால், நல்ல எண்ணத்தோடு ராப்பகலாக வரைந்தவர்களும் அங்கே நிற்கிறார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வரைந்துகொண்டே போனதுதான் அவர்கள் செய்த தப்பு.

எங்கள் சிவகங்கைப் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். பங்குனி வெயிலில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் கண்மாய் கண்மாயாகவே தெரியாது. வளைந்த கரை தெரியும், உள்ளே சீமைக்கருவேலம் மண்டியிருக்கும். எங்கோ தூர தேசத்தில் இருந்த ஒருவர், தண்ணீர் இல்லாத இடத்துக்கு நீலம் எதற்கு என்று ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தார். சிலவற்றைப் புதர்க்காடு ஆக்கினார். அவர் கண்ணுக்குப் பட்டதை வைத்துப் பார்த்தால் நியாயம்தான். ஐப்பசி கழிந்து வந்து கரையில் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். வருஷத்தில் சில மாதம் மட்டும் நீர் நிற்கும் என்று குறிக்கத் தனி டேக், அதாவது அடையாளக் குறி, இருக்கிறது. அதைப் போட்டிருந்தால் போதும்.

அவர் ஏற்றிய திருத்தத் தொகுப்புக்கு (சேஞ்ச்செட் என்பார்கள்) கீழே மரியாதையாகவே எழுதினேன். பதில் இல்லை. காளையார்கோவில் பக்கம் நண்பர் ஒருவரும் எழுதினார். அதற்கும் இல்லை. கண்மாய்கள் மட்டும் தொடர்ந்து காணாமல் போய்க்கொண்டிருந்தன. சரி, இனி நாமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தால் சண்டையில்தான் முடியும் என்று டேட்டா ஒர்க்கிங் குரூப்புக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளையின் கீழ் இருந்து தகராறுகளைப் பார்த்துத் தடை போடுகிற குழு அது. அவர்களும் சம்பளம் இல்லாமல் வேலை பார்ப்பவர்கள்தான்.

அவர்கள் போட்டது பூஜ்ஜியம் மணி நேரத் தடை. கேட்டால் சிரிப்பு வரும். தடைபட்டவர் தளத்துக்குள் வந்து தனக்கு எழுதியிருக்கும் செய்தியைத் திறக்கும் வரை எந்தத் திருத்தத்தையும் ஏற்ற முடியாது. திறந்துவிட்டால் அந்த நிமிடமே தடை தீர்ந்தது. பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்குகிற மாதிரி. மனுஷர் அன்றைக்கே பதில் எழுதினார். எங்கள் கேள்விகளெல்லாம் அவர் எப்போதோ கைவிட்ட ஒரு மின்னஞ்சல் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தனவாம். மன்னிப்புக் கேட்டார், பாதிக் கண்மாய்களை அவரே மீட்டுப் போட்டார்.

இப்படி ஒன்று தேவைப்பட்டதில் ஆச்சரியமே இல்லை. 2016இல் இந்த வரைபடத்தை வைத்து ஓடும் மேப்ஸ்.மீ செயலிக்குள்ளேயே திருத்தும் வசதி வந்தபோது, தன் வீடு, நண்பன் வீடு என்று சொந்தக் குறிப்புகளையெல்லாம் உலக வரைபடத்தில் ஏற்றினார்கள். தாங்கள் எழுதுவது ஊருக்கே தெரியும் என்பதே பலருக்குத் தெரியாது. அவர்களிடம் கோபப்பட்டு என்ன பயன்?

பூஜ்ஜியத்துக்கு மேலேயும் படிகள் உண்டு. ஒரு மணி, மூன்று மணி, ஒரு நாள், ஒரு வாரம் என்று ஏறி, பத்து ஆண்டு வரை போகும். ஆனால் புதுக் கணக்குத் தொடங்கச் சில நிமிடம் போதும் என்பதால், நீண்ட தடைக்கு நாம் நினைக்கிற அளவு வலு கிடையாது. பழையதை மீட்பது தனி வேலை. தடை போட்டதும் திருத்தங்கள் தானாகத் திரும்பிவிடாது, யாராவது உட்கார்ந்து ரிவர்ட் செய்ய வேண்டும்.

நேரடி நாசவேலை வந்தால் குழுவுக்குக் குழப்பமில்லை. 2018 ஆகஸ்டில் நியூயார்க் நகரத்தின் பெயரை யூத வெறுப்புச் சொல்லாக ஒருவர் மாற்றினார். வரைபடத்தில் அது சீக்கிரமே சரிசெய்யப்பட்டது, ஆளையும் தடுத்தார்கள். ஆனால் இந்த வரைபடத்தை எடுத்து மற்றச் செயலிகளுக்குக் கொடுக்கிற மேப்பாக்ஸ் நிறுவனம் வழியாக அந்தப் பெயர் சில வாரம் கழித்து ஸ்னாப்சாட்டில் முளைத்தது. செய்தியானது அப்போதுதான்.

எல்லைத் தகராறு வந்தால்தான் கை நடுங்கும். இரண்டு பக்கமும் வரையத் தெரிந்தவர்கள், இரண்டு பக்கமும் தான் சொல்வதே உண்மை என்று மனதார நம்புகிறவர்கள். களத்தில் யார் கட்டுப்பாடு என்பதைப் பார் என்பது பொதுவான விதி. உக்ரைனும் ரஷ்யாவும் உரிமை கோரும் கிரிமியாவில் அந்த விதியே போதவில்லை. 2014இல் இரு நாட்டு எல்லைக்குள்ளும் அதைக் காட்டுவது என்று குழு முடிவு செய்தது. 2018 நவம்பரில் ஒரு நாட்டுக்குள் மட்டும் என்று மாற்றியது. மேல்முறையீடு போய், டிசம்பரில் அறக்கட்டளையின் இயக்குநர் குழு பழைய நிலைக்கே திருப்பியது. தடை போடுகிறவர்களின் முடிவையும் ஒருவர் கேள்வி கேட்க முடிந்ததே, எனக்கு அது பிடித்திருந்தது.

பிடிக்காத ஒன்றும் உண்டு. பூஜ்ஜியம் மணித் தடையும், நாசம் செய்தவனுக்குப் போட்ட பத்தாண்டுத் தடையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன. கண்மாய்க்காரரின் கணக்கைத் திறந்து பார்ப்பவருக்கு, இவர் ஒருமுறை தடைபட்டவர் என்பதுதான் முதலில் தெரியும். என்னைக் கேட்டால், படித்து முடித்துத் தீர்ந்துபோன தடைகளை ஓர் ஆண்டுக்குப் பிறகு எடுத்துவிடலாம். காளையார்கோவில் நண்பர் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். "தடை போடுறவங்க இஷ்டத்துக்குப் போடாம இருக்கிறதே இந்தப் பட்டியல் இருக்கிறதாலதான்டா, அதுல கை வைக்காத" என்கிறார். நானும் விடுவதாக இல்லை.