ஒரு கோல்டு கார்டு, ஐந்து பேர்

அக்டோபர் 6, 2024, ஞாயிறு

மெல்போர்ன் பயணம் உறுதியாகிவிட்டது. நாத்தனாருக்கு அடுத்த மாதம் பிரசவம். கூட இருந்து பார்த்துக்கொள்ள அவள் மாமியார் போகிறார். நாத்தனாரின் அம்மா, அதாவது என் மாமியார், அத்தைக்கு முழங்கால் வலி, தனியாக அவ்வளவு தூரம் போக முடியாது. அதனால் பள்ளிக்கூட லீவு விட்டதும் எல்லோருமாகப் போகிறோம்: அத்தை, என் கணவர், பதினொரு வயதுப் பையன், ஆறு வயதுப் பெண், நான். சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கே விமானம் மாறி மெல்போர்ன்.

வேலைக்காகப் பறந்து பறந்து எனக்குச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் எலைட் கோல்டு என்ற உறுப்பினர் அட்டை இருக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்குள் 50,000 எலைட் மைல், அதாவது பறப்பதற்குக் கிடைக்கும் தகுதிப் புள்ளி, சேர்த்தால் கிடைப்பது. அது இருந்தால் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இருக்கும் எல்லா விமானங்களிலும் கோல்டு மரியாதைதான். 2014-இல் ஏர் இந்தியா அதில் சேர்ந்த பிறகு டெல்லி போகும்போதும் இதே அட்டையைத்தான் நீட்டுகிறேன். தனியாகப் போகும்போது இதன் அருமை எனக்கு நன்றாகத் தெரியும். ஐந்து பேராகப் போகும்போது இதில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பதுதான் இப்போதைய கேள்வி. அதனால் இந்தப் பயணத்தை மட்டும் தேதி போட்டு எழுதி வைக்கப் போகிறேன்.

முதல் விவாதமே டிக்கெட்டில். பறந்து சேர்த்த மைலைக் கொடுத்தும் டிக்கெட் வாங்கலாம். "உன் மைலில் ரெண்டு டிக்கெட் எடுத்துக்கலாம், மூணுக்குக் காசு கட்டலாம்" என்றார் என் கணவர். காசு மிச்சமாகும், உண்மைதான். ஆனால் மைலில் எடுப்பது ஒரு பி.என்.ஆர். (முன்பதிவு எண்), காசில் எடுப்பது இன்னொரு பி.என்.ஆர். கணினிக்கு நாங்கள் ஒரு குடும்பமாகவே தெரிய மாட்டோம். என் கோல்டு எந்தப் பி.என்.ஆரில் இருக்கிறதோ அதில் இருப்பவர்களுக்குத்தான் ஏதாவது ஒட்டும். சிங்கப்பூரில் இணைப்பு விமானம் தவறினால் இரண்டு பேரை ஒரு விமானத்திலும் மூன்று பேரை வேறொன்றிலும் மாற்றிவிட வாய்ப்பு இருக்கிறது. முட்டி வலிக்காரரையும் ஆறு வயதுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு அந்த வம்பு வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன். ஐந்தும் ஒரே பி.என்.ஆர்., காசுக்கு. மைல் எங்கேயும் ஓடிப்போகாது.

நவம்பர் 17, ஞாயிறு

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். அத்தை போனில் அழுதுகொண்டே சிரித்தார்.

இன்று இருக்கை வேலை. கோல்டுக்கு இருக்கையைக் காசு கட்டாமல் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கலாம். பல நிறுவனங்கள் இந்தச் சலுகையை அதே பி.என்.ஆரில் இருப்பவர்களுக்கும் தருகின்றன, எங்களுக்கும் கிடைத்தது. என்னைக் கேட்டால் குடும்பத்துக்கு விமான நிலையத்து ஓய்விடமான லவுஞ்சைவிட இது பெரிய சலுகை. நடுவில் மூன்று இருக்கை, வலது பக்கம் வழிநடை தாண்டி இரண்டு. அத்தைக்கு வழிநடை ஓரம், கழிவறைக்கு மூன்று வரிசை முன்னால். கழிவறைக்கு ஒட்டின வரிசை கூடாது. ராத்திரி முழுக்கக் கதவுச் சத்தம்.

அப்புறம் வீல்சேர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். வீல்சேர் கேட்பதில் மூன்று வகை உண்டு. படி ஏறுவார், தூரம் நடக்க மாட்டார் என்றால் டபிள்யூ-சி-ஹெச்-ஆர் என்ற குறியீடு. படியும் ஏற முடியாது என்றால் கடைசி எழுத்து எஸ். இருக்கை வரைக்கும் தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும் என்றால் சி. இது புரியாமல் 'வீல்சேர் வேண்டும்' என்று மட்டும் சொல்லிவிட்டு, அங்கே போய்ப் படிக்கட்டைப் பார்த்து மலைத்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அத்தை மெதுவாகப் படி ஏறுவார் என்றாலும் எஸ் போட்டேன். பேருந்தில் கொண்டுபோய் ஏணிப்படி அருகே விட்டால் அவருடைய முட்டி தாங்காது. இந்தச் சேவைக்குக் காசும் கிடையாது, கோல்டும் தேவையில்லை. நன்றாக நடக்கிறவர்கள் வரிசையைத் தாண்டுவதற்காக வீல்சேர் கேட்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். உண்மையிலேயே முடியாதவர்கள் அதனால் அரை மணி நேரம் காத்துக் கிடக்கிறார்கள்.

அத்தைக்கு இந்தியச் சைவ உணவு. பட்டியலில் வெறும் 'சைவம்' என்று இருப்பதை எடுத்தால் வேகவைத்த காய்கறியும் பாஸ்தாவும் வந்து நிற்கும். இந்து சைவ உணவு என்று தனியாக இருக்கிறது, ஏ-வி-எம்-எல், அதைத்தான் போட வேண்டும். பிள்ளைகளுக்குக் குழந்தை உணவு.

டிசம்பர் 1, ஞாயிறு

சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். அலுவலக வேலை வெள்ளியோடு முடிந்தது. நேற்று மாலை திரும்ப வேண்டியது. ஃபெஞ்சல் புயலால் நேற்று மதியம் சென்னை விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். இன்று விடிகாலை 4 மணிக்குத்தான் திறந்தது. வீட்டுக்குப் போன் போட்டேன்; தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, மற்றபடி எல்லோரும் பத்திரம்.

இந்த மாதிரி நேரத்தில்தான் கோல்டு உண்மையாக வேலை செய்கிறது. காத்திருப்போர் பட்டியலில் முன்னுரிமை என்பது சலுகைப் பட்டியலில் கடைசி வரியாக இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. நேற்று ராத்திரியே இன்றைய விமானத்தில் எனக்கு இடம் உறுதி ஆகிவிட்டது. எனக்குப் பின்னால் ஒரு இளம் தம்பதி, கைக்குழந்தை, கூட ஒரு பெரியவர். அவர்களுக்கு மூன்று இருக்கையும் சேர்ந்தாற்போல் எதிலும் இல்லை. பெரியவரைத் தனியாக முதலில் அனுப்பலாமா என்று கவுண்டரில் கேட்டார்கள். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

அதைப் பார்த்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. ஒரு இருக்கை என்றால் எந்தக் கோல்டுக்கும் கிடைத்துவிடும். ஐந்து இருக்கை சேர்ந்து கேட்டால் எந்த அட்டைக்கும் கிடைக்காது, காலியாக இருந்தால்தான் உண்டு. மெல்போர்ன் இணைப்புக்கு இடைவெளி ஒன்றே கால் மணி நேரம் என்று இருந்தது. கவுண்டரில் கையோடு கேட்டு, நாலு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி உள்ள விமானத்துக்கு ஐந்து பேரையும் மாற்றிவிட்டேன்.

டிசம்பர் 19, வியாழன்

மூட்டை கட்டும் படலம். எங்கள் டிக்கெட்டில் தலைக்கு 25 கிலோ. இருக்கை எடுத்த பிள்ளைகளுக்கும் அதே 25 உண்டு. என் கோல்டு அட்டைக்குக் கூடுதலாக 20. ஆக மொத்தம் 145. அமெரிக்கா மாதிரி பெட்டி எண்ணிக்கை பார்க்கும் வழித்தடமாக இருந்தால் இருபது கிலோவுக்குப் பதில் கூட ஒரு பெட்டி. அந்த இருபதும் என் பெயருக்கு வருவது. ஒரே பி.என்.ஆரில் ஒன்றாக நின்று செக்-இன் செய்வதால் மொத்தமாகக் கூட்டிக் கணக்கு வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஒரு பெட்டி மட்டும் 32 கிலோவைத் தாண்டக் கூடாது. தூக்கிப் போடுகிற ஆளின் இடுப்புக்காக வைத்த விதி அது, அதில் யாரும் இளக மாட்டார்கள்.

அத்தையின் பெட்டியைத் தொங்கும் தராசில் மாட்டினால் 34. திறந்து பார்த்தோம். பருப்புப்பொடி, அங்காயப்பொடி, அப்பளம், வடகம், பழைய பருத்திப் புடவையைக் கிழித்துத் தைத்த குழந்தைத் துணி, அடியில் ஒரு பித்தளை விளக்கு. செய்தித்தாளில் சுற்றிய ஒரு கொத்துக் கறிவேப்பிலை. ஆஸ்திரேலியாவுக்குள் பச்சைக் கறிவேப்பிலை போகாது என்று எடுத்து வைத்தேன். "அங்க அவளுக்கு இது ஒண்ணுதானே இல்லை" என்றார். மற்ற பொடிகளை எல்லாம் கடையில் கொடுத்து சீல் வைத்து, பெயர் எழுதி, ஒரே பையில் மேலாக அடுக்கினேன். இறங்கும் படிவத்தில் உணவு இருக்கிறதா என்ற கேள்விக்கு 'ஆம்' போட்டுவிட்டுத் திறந்து காட்டுவதுதான் சரி. அங்கே எந்த அட்டையும் உதவாது.

டிசம்பர் 21, சனி

சென்னை விமான நிலையம். முன்னுரிமைக் கவுண்டரில் ஐந்து பேருமே நின்றோம், பி.என்.ஆர். ஒன்று என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மொத்தம் 138 கிலோ. எல்லாப் பெட்டிக்கும் 'பிரையாரிட்டி' சீட்டுக் கட்டச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். ஒன்றுக்கு மட்டும் கட்டினால் அது முதலில் வந்து சுற்றிக்கொண்டிருக்கும், மற்ற நாலுக்கும் நாம் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும்.

லவுஞ்சுக்கு இங்கே போகவில்லை. பிள்ளைகளுக்குத் தூக்கம்.

டிசம்பர் 22, ஞாயிறு

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் விடிந்தது. லவுஞ்ச் விதி இதுதான்: கோல்டு உறுப்பினரும் ஒரே ஒரு விருந்தினரும். அந்த விருந்தினரும் அதே விமானத்தில் பறக்க வேண்டும். ஒன்வேர்ல்டு என்ற இன்னொரு விமானக் கூட்டணியில் சஃபையர் அட்டைக்கும் ஒரு விருந்தினர்தான். ஸ்ரீலங்கனில் போகிறவர்களுக்கு அது பொருந்தும். அட்டையைக் கொடுத்து அத்தையையும் அவரையும் அனுப்பிவிட்டு நான் பிள்ளைகளோடு இருக்க முடியாது. நான் உள்ளே போனால்தான் இன்னொருவர் உள்ளே வரலாம்.

இதைச் சென்னையிலேயே பேசி வைத்தாகிவிட்டது. அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மூன்றாம் முனையத்துப் பட்டாம்பூச்சித் தோட்டத்துக்குப் போனார். அத்தையும் நானும் லவுஞ்சுக்கு. வாசலில் பெண் மட்டும் அழுதாள், "பாட்டி மட்டும் ஏன் போறாங்க" என்று. "பாட்டிக்குக் கால் நீட்டணும்" என்றேன். சரி என்றுவிட்டாள்.

உள்ளே அத்தைக்கு இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுக் காலைத் தூக்கி வைத்தேன். கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் சிவந்து கிடந்தது. வெந்நீர் வாங்கி வந்தேன். இட்லி மாதிரி ஒன்று இருந்தது, தொட்டுவிட்டு வைத்துவிட்டார். ரொட்டியும் தயிரும் சாப்பிட்டார். ஒரு மணி நேரத்தில் வீக்கம் நன்றாகவே குறைந்தது. லவுஞ்சை நான் இத்தனை நாளும் மடிக்கணினி வைக்கிற இடமாகத்தான் பார்த்திருக்கிறேன். குடும்பத்தோடு போகும்போது அந்த ஒரு விருந்தினர் இடம் யாருக்கு என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். யாருக்கு உடம்பு அதிகம் படுகிறதோ அவருக்கு. வாசலில் நின்று பேச ஆரம்பித்தால் எல்லோருக்கும் மனவருத்தம்தான் மிஞ்சும்.

வெளியே வந்தபோது பையன் சட்டைத் தோளில் பட்டாம்பூச்சி உட்கார்ந்த கதையை மூச்சுவிடாமல் சொன்னான். அவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை.

மெல்போர்னில் வீல்சேரோடு ஒருவர்தான் துணைக்குப் போகலாம் என்றார்கள். அவர் போனார். உணவுப் பையை நான் கொண்டுபோய்த் திறந்து காட்டினேன். அதிகாரி வடகத்தை முகர்ந்து பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். அரிசி மாவு, வெயிலில் காயவைத்தது என்றேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டார். அத்தை பேத்தியை மடியில் வாங்கியபோது மணி ராத்திரி பத்து.

ஜனவரி 2, 2025, வியாழன்

திரும்பி வந்தாகிவிட்டது. நேற்று சிங்கப்பூர் கேட்டில் நடந்ததை எழுத வேண்டும்.

விமானம் நிரம்பி வழிந்தது. என் போர்டிங் பாஸை வைத்ததும் எந்திரம் சிவப்பாக மின்னியது. பணியாளர் புதிதாக ஒன்று அச்சடித்துக் கொடுத்தார், பிசினஸ் வகுப்பு. எகானமியில் இருக்கையைவிட ஆள் அதிகமானால் இப்படிச் சிலரை மேலே ஏற்றுவார்கள், கோல்டு இருந்தால் பெயர் முன்னால் வரும். அத்தைக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். அவர் மேலிடத்தில் போன் போட்டுக் கேட்டுவிட்டு, உறுப்பினர் பெயருக்கு மட்டும்தான், மாற்ற முடியாது என்றார். சொன்ன விதத்தில் மரியாதை இருந்தது.

வேண்டாம் என்று பழைய இருக்கையையே கேட்க வாயெடுத்தேன். வீல்சேரில் இருந்தபடி அத்தை, "யாராவது கெடைச்சதை விடுவாங்களா?" என்றார். பிள்ளைகள் இருக்கிறார்களே என்றேன். "எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாதா? ராத்திரி பகல் பார்க்காம அலைஞ்சு சம்பாதிச்சது நீ. போய்ப் படும்மா." அவருக்கு என் வேலையைப் பற்றி அபிப்பிராயம் ஏதும் இருப்பதாகவே நான் நினைத்ததில்லை. பெண்ணை அவர் மடிக்கு மாற்றிவிட்டுப் போனேன். சாப்பாடுகூட வாங்காமல் சென்னை வரை தூங்கினேன்.

ஜனவரி 12, ஞாயிறு

மைல் எல்லாம் கணக்கில் ஏறிவிட்டது. அவரவர் பறந்தது அவரவர் கணக்குக்கு. பிள்ளைகளுக்கும் தனித்தனி எண் வாங்கி வைத்திருந்தேன். அத்தைக்கும் இப்போது ஒரு எண் இருக்கிறது. கோல்டுக்கு இன்னும் எவ்வளவு வேண்டும் என்று கேட்டார், சொன்னேன், ரொம்ப யோசித்தார்.

என் கணக்கில் இருக்கும் மைலை மற்றவர்களுக்குச் செலவழிக்க ஐந்து பேரை நாமினியாகப் பதிவு செய்யலாம். அதில் முதல் பெயராக அத்தையைச் சேர்த்தேன். நவம்பரில் பேத்திக்கு ஆண்டு நிறைவு. எல்லோருக்கும் லீவு கிடைக்காது. அவரும் அத்தையும் மட்டும் போவார்கள். நான் உடன் இல்லை என்றால் என் கோல்டும் அங்கே இல்லை. அதனால் அத்தைக்கு மட்டும் மைலில் பிசினஸ் வகுப்பு கேட்டுப் பதிந்திருக்கிறேன். போகும் வழி உறுதியாகிவிட்டது. வரும் வழி இன்னும் காத்திருப்பில் இருக்கிறது.