ஒரு மோட்டாரைத் திருப்பினால் போதும்

மைக்ரோகன்ட்ரோலர் எனும் நிரல் எழுதக்கூடிய சிறு கணினிச் சில்லு ஏதுமின்றி, 0, 1 சமிக்ஞைகளைக் கையாளும் சில லாஜிக் சில்லுகளையும் இரண்டு கியர் மோட்டார்களையும் கொண்டு நான்கு கால்களில் நடக்கும் சிறு ரோபோக்களைச் செய்பவர்களுக்கு, அது நடக்கத் தொடங்கியதுமே எழும் கேள்வி, எதிரே சுவர் வந்தால் எப்படிப் பின்வாங்கச் செய்வது என்பதுதான். பலரும் உடனே இரண்டு மோட்டார்களின் கம்பிகளையும் மாற்றி, அவை சுழலும் திசையைத் திருப்பிவிடலாம் என்று எண்ணுகிறார்கள். சக்கர வண்டிக்கு அது சரியான விடை. நடக்கும் ரோபோவுக்கு அது எந்தப் பயனும் தராது.

ரோபோ வடிவமைப்பாளர் மார்க் டில்டன் உருவாக்கி 1994-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற சுற்றுமுறையையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். நான்கு இன்வெர்ட்டர்களை (0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றும் லாஜிக் கேட்டுகளை), ஒவ்வொன்றின் உள்ளீட்டிலும் ஒரு மின்தேக்கியும் ஒரு மின்தடையும் வைத்து வளையமாக இணைத்தால், ஒரே ஒரு துடிப்பு அந்த வளையத்தைச் சுற்றிவந்துகொண்டே இருக்கும். ஒன்றாம், மூன்றாம் நிலைகளுக்கு இடையே முன்கால் மோட்டாரும் இரண்டாம், நான்காம் நிலைகளுக்கு இடையே பின்கால் மோட்டாரும் இணைவதால், பின்கால்கள் முன்கால்களைவிடக் கால் சுற்று பிந்தி அசைகின்றன. ஒவ்வொரு மோட்டாரும் ஒரு திசையில் சுழலும்போது தன் இணையின் இடக்காலும், எதிர்த்திசையில் சுழலும்போது வலக்காலும் முன்னே வரும்; அந்த வரிசையை எழுதிப் பார்த்தால் முன் இடம், பின் இடம், முன் வலம், பின் வலம் என்று வரும்.

இரண்டு மோட்டார்களையும் திருப்பினால் முன் வலம், பின் வலம், முன் இடம், பின் இடம் என்றாகிறது. இது பழைய வரிசையேதான்; தொடங்கும் இடம் மட்டும் மாறியிருக்கிறது. ஆகவே ரோபோ முன்போலவே சுவரை நோக்கி நடக்கும். பின்கால் மோட்டாரை மட்டும் திருப்பினால் முன் இடம், பின் வலம், முன் வலம், பின் இடம் என்று வருகிறது. தொடங்கும் இடத்தை விட்டுவிட்டால், முதல் வரிசையைக் கடைசியிலிருந்து படித்தாலும் இதே வரிசைதான் கிடைக்கும். நடையே பின்னோக்கி ஓடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை இது.

அடுத்தது, அந்த ஒரு மோட்டாரை எந்த இடத்தில் திருப்புவது என்பது. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை ரிலே (மின்காந்தச் சுருளால் இயங்கும் சுவிட்ச்) வைத்து மாற்றலாம், ஆனால் ரிலே எடை கூட்டுவதோடு, பின்வாங்கும் நேரம் முழுவதும் அதன் சுருள் பேட்டரியைக் கரைத்துக்கொண்டிருக்கும். சமிக்ஞை நிலையிலேயே திருப்பிவிடுவது மேல் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு 74ஹெச்சி86 சில்லின் நான்கு எக்ஸ்-ஆர் கேட்டுகளில் இரண்டு போதும்: ஒரு உள்ளீட்டில் வளையத்தின் சமிக்ஞை, மற்றொன்றில் கட்டுப்பாட்டுக் கம்பி. கட்டுப்பாடு 0 ஆக இருந்தால் சமிக்ஞை அப்படியே செல்லும், 1 ஆனால் தலைகீழாகும். மோட்டார் ஓய்ந்திருக்கும் வேளையில் இரு முனைகளும் ஒரே மட்டத்தில் இருப்பதால், தலைகீழான பிறகும் அவை ஒரே மட்டத்திலேயே இருக்கும். ஓய்வு ஓய்வாகவே நீடிக்கும்.

சில்லின் வெளியீடு மோட்டாரைச் சுழற்றப் போதாது. 74ஹெச்சி86-இல் ஒரு வெளியீட்டின் உச்ச வரம்பே 25 மில்லி ஆம்பியர்தான் என்பதால், மிகச் சிறிய மோட்டார்களைத் தவிர மற்றவற்றுக்கு எச்-பிரிட்ஜ், அதாவது மோட்டாரை இரு திசைகளிலும் ஓட்டும் சுற்று, தேவை. எளிதில் கிடைக்கும் எச்-பிரிட்ஜ் சில்லான எல்293டி 600 மில்லி ஆம்பியர் வரை தரும். ஆனால் அந்தச் சுமையில் சுமார் 2.6 வோல்ட்டைத் தனக்குள்ளேயே இழந்துவிடுவதால், 5 வோல்ட் பேட்டரியில் மோட்டாருக்குப் பாதியளவே எஞ்சும். டிபி6612எஃப்என்ஜி போன்ற மாஸ்ஃபெட் சில்லில் இந்த இழப்பு மிகக் குறைவு.

மோட்டார் சுழன்றுகொண்டிருக்கும்போதே திசை மாறினால், சுழற்சியால் அதனுள் உண்டாகும் எதிர் மின்னழுத்தம் பேட்டரியின் அழுத்தத்தோடு சேர்ந்துகொள்ளும். 6 வோல்ட்டும் 6 ஓம் சுருளும் உள்ள மோட்டார் அடைபட்டு நின்றால் 1 ஆம்பியர் இழுக்கும், 4.5 வோல்ட் எதிர் மின்னழுத்தத்தோடு திருப்பப்படும் நொடியில் அதுவே 1.75 ஆம்பியராகும். அந்த இழுப்பில் பேட்டரி அழுத்தம் சரிந்தால் வளையத்தில் இரண்டாவது துடிப்பு நுழைந்து நடை குழம்பக்கூடும். மோட்டார் முனைகளுக்கு இடையே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும், லாஜிக் சில்லுகளின் மின் இணைப்பில் ஒரு பெரிய மின்தேக்கியும் அவசியம் வையுங்கள்.

எவ்வளவு நேரம் பின்வாங்க வேண்டும் என்பதை, முன்னே நீட்டிய உணர்கொம்பு சுவரைத் தொட்டவுடன் மின்னேற்றம் பெற்று, பிறகு மின்தடை வழியே வடியும் ஒரு மின்தேக்கி தீர்மானிக்கட்டும். 4.7 மைக்ரோஃபாரட்டும் 1 மெகாஓமும் சேர்ந்தால், பாதி அழுத்தத்தை எட்டச் சுமார் 3.3 விநாடி ஆகும். மெதுவாகச் சரியும் அந்த அழுத்தத்தை நேராக எக்ஸ்-ஆர் கேட்டுக்குக் கொடுக்காமல், மெதுவான மாற்றத்தைத் தெளிவான 0 அல்லது 1 ஆக்கும் 74ஹெச்சி14 ஷ்மிட் டிரிகரின் வழியாக அனுப்புங்கள். இல்லையெனில் மாறும் எல்லையில் வெளியீடு தத்தளித்து மோட்டார் நடுங்கும். ஒரு முழு நடைச் சுற்றுக்கும் குறைவாகப் பின்வாங்கினால் கால்கள் நின்ற இடத்திலேயே துழாவும் என்பதால், முதலில் உங்கள் ரோபோவின் ஒரு சுற்றை அளந்து, அதைப்போல மூன்று மடங்கு நேரம் வருமாறு மின்தடையைத் தேர்ந்தெடுங்கள்.