மாமியின் கைப்பை

நிறை பார்க்க ஏறும்போது மாமி செருப்பைக் கழற்றினார். கைப்பையை மட்டும் விடவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டே ஏறினார்.

தாதி சிரித்தபடி அதை வாங்கி வைத்தார்.

"நிறை குறைஞ்சா ஊசியத் தள்ளிப்போடுவாங்க மனே" என்று மாமி என் காதுக்குள் சொன்னார்.

புற்றுநோய்க்கு ஏற்றும் கீமோ மருந்தின் அளவையே உயரமும் நிறையும் பார்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். பையோடு நின்றால் அந்தக் கணக்கே பிழையாகிவிடும். இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

மோதிரம் கழன்று விழாமல் நூல் சுற்றியிருக்கிறார். மாமாங்கக் கோயிலுக்கு நடந்தே போன மனுசி, இப்போது கிணற்றடிக்குப் போகச் சுவரைப் பிடிக்கிறார்.

வாயெல்லாம் புண். மீன் பொரிக்கும் மணம் வந்தாலே ஓங்காளிக்கிறார். எதைத் தின்றாலும் இரும்பு நக்கின மாதிரி இருக்கிறதாம்.

இதற்குள் பார்க்க வருகிறவர்களின் பத்தியம் வேறு. "சீனி தொடாத, கட்டி வளரும்." "முட்டை சூடு."

சீனியை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து சாகும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. சரியாகச் சாப்பிடாவிட்டால் கரைவது தசைதான். சிகிச்சையில் இருப்பவருக்கு உடல் நிறையில் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் புரதம் தினமும் வேண்டும் என்கின்றன மருத்துவ வழிகாட்டல்கள். 50 கிலோ ஆளுக்கு 50 கிராமாவது. ஒரு முட்டையில் இருப்பதே ஏறக்குறைய 6 கிராம். வெறும் கஞ்சித் தண்ணியை வைத்துக்கொண்டு எங்கே போவது?

இப்போது இரும்புக் கரண்டியை விட்டுப் பிளாஸ்டிக் கரண்டி. உறைப்பில்லாத சொதியில் ஊறவைத்து ஆறவிட்ட இடியப்பம், நன்றாக அவித்த முட்டை. கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை. பாதியாவது இறங்குகிறது.

பார்க்க வருகிறவர்கள் புத்திமதியை வீட்டில் வைத்துவிட்டு, நாலு முட்டை கொண்டு வாங்க.