மேகசினுக்குள் எண்ணெய் விடாதீர்கள்

பிஸ்டலைச் சுத்தம் செய்யச் சொன்னால் எல்லாரும் முதலில் குண்டு பாயும் குழலான பேரலைத்தான் கையில் எடுப்பார்கள். சிந்தி என்று நாங்கள் சொல்லும் துணித் துண்டைக் கோத்து இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் இழுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, உள்ளே பளபளக்கும்வரை விடமாட்டார்கள். ரவுண்டுகளை, அதாவது தோட்டாக்களை, அடுக்கி வைக்கும் மேகசினுக்கு மட்டும் மேலோட்டமாக ஒரு துடைப்பு, வாயில் இரண்டு சொட்டு எண்ணெய், அப்படியே பவுச்சுக்குள் போய்விடும். ஆயுதங்களைப் பழுது பார்க்கும் ஆர்மரராக இருந்த காலம் முழுக்க எனக்கு ஆறாத வருத்தம் இது. ஓய்வு பெற்று ராயபுரத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் விட்டபாடில்லை. எங்கள் தெருவிலிருந்து படையில் சேர்ந்த ஒரு தம்பி போன வாரம் போன் செய்து, "மாமா, மேகசினுக்கு எந்த எண்ணெய் நல்லது?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்வது 9 மி.மீ. ஆட்டோ பிஸ்டல் 1ஏ பற்றி. மேற்கு வங்கத்தில் ஈஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில் செய்வது. மூலம் 1935ல் பெல்ஜியத்தில் வந்த பிரவுனிங் ஹை பவர். ஜான் பிரவுனிங் தொடங்கி வைத்தார். 1926ல் அவர் இறந்த பிறகு அதை முடித்தவர் டியூடொன்னே சேவ். 13 ரவுண்டு பிடிக்கும் இந்த மேகசின் சேவின் கைவண்ணம். ரவுண்டுகள் உள்ளே இரண்டு வரிசையாக ஒன்றுவிட்டு ஒன்று சாய்ந்து படுத்திருக்கும்; மேலே வர வர ஒரே வரிசையாகக் குறுகும். அந்தக் குறுகும் இடத்தில்தான் அழுக்கும் தங்கும்.

மேகசினைத் தொடுவதற்கு முன் பிஸ்டலைப் பாருங்கள். மேகசினைக் கழற்று, மேலே நகரும் ஸ்லைடை இழு, ரவுண்டு உட்காரும் அறையான சேம்பரைக் கண்ணால் பார், விரலாலும் தடவிப் பார். இந்த பிஸ்டலில் மேகசின் உள்ளே இல்லாவிட்டால் ட்ரிக்கர் வேலை செய்யாது. அதனால் சோதித்து முடித்ததும் பின்னால் சுத்தியல் மாதிரி நிற்கும் ஹேமரை இறக்க, காலி மேகசின் ஒன்றை மறுபடி செருகுவார்கள். ஆபத்து அங்கேதான். மேசையில் நிறைத்த மேகசினும் காலி மேகசினும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால், அசந்த நேரத்தில் கை எதை எடுக்கும் என்று யார் சொல்ல முடியும்? அதனால் என் கோத்தில், அதாவது ஆயுதக் கிடங்கில், ஒரே சட்டம். சுத்தம் செய்கிற மேசைக்கு ஒரு ரவுண்டுகூட வரக்கூடாது. ரவுண்டுகளை எண்ணி, வேறு மேசையில், வேறு ஆள் பொறுப்பில் வைத்துவிட்டு வா. அதிகாரியாக இருந்தாலும் இதே பேச்சுதான்.

சரி, கழற்றுவோம். மேகசினைத் தலைகீழாகப் பிடித்தால் அடித்தட்டில் ஒரு சின்னத் துளை. அதற்குள் ஒரு புடைப்பு தெரியும். பஞ்ச் முனையால் அதை உள்ளே அமுக்கிக்கொண்டே அடித்தட்டை முன்பக்கமாகத் தள்ள வேண்டும். பாதி நகர்ந்ததும் நிறுத்தி, கட்டைவிரலை மேலே வைத்து மூடிக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் அமுங்கி இருக்கிறது. விட்டால் கண்ணுக்கு வரும், இல்லையென்றால் அலமாரிக்கு அடியில் போகும். விரலால் தடுத்தபடியே மெதுவாக விட்டால், பூட்டுத் தகடும் ஸ்பிரிங்கும் அப்படியே எழும்பி வரும். அப்புறம் ரவுண்டுகளை அடியிலிருந்து மேலே தள்ளும் ஃபாலோயர். ஸ்பிரிங்கின் மேல்முனை ஃபாலோயரில் எந்தப் பக்கமாக உட்கார்ந்திருந்தது என்று பார்த்து வைத்துக்கொண்டு கழற்றுங்கள். பக்கம் மாற்றி மாட்டினால் ஃபாலோயர் மூக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு மேலே வரும். கடைசி ரவுண்டுகள் சிக்கும்.

இப்போது அந்த எண்ணெய்க்கு வருகிறேன்.

எங்கள் பிரிவு எண்ணூர்ப் பக்கம் இருந்தது. ஒரு புறம் கடல், இன்னொரு புறம் அனல்மின் நிலையச் சாம்பல், லாரி போகிற புழுதி. ராயபுரத்துக்காரர்களுக்குக் கரித்தூள் புதிதில்லை; துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை உதறினாலே கை கறுக்கும். உயர்நீதிமன்ற உத்தரவால் 2011ல் அந்த வேலை எண்ணூருக்குப் போனது, தூளும் அங்கே போனது. இந்தத் தூள் காய்ந்த இரும்பில் உட்கார்ந்தால் துணியால் தட்டினாலே போய்விடும். எண்ணெயில் விழுந்தால் சாந்தாகிவிடும். ஒரு முறை ஒரு பையன் கொண்டுவந்த மேகசினைக் கழற்றினேன். ஸ்பிரிங்கின் ஒவ்வொரு மடிப்பிலும் கறுப்பாக, தொட்டால் நறநறவென்று ஒட்டுகிற மசி. ஃபாலோயரை விரலால் அமுக்கினால் இறங்கியது. விரலை எடுத்தால் பாதியிலேயே நின்றது. "சார், பிஸ்டல் ரிப்பேர்" என்றுதான் கொடுத்தான். பிஸ்டலுக்கு ஒன்றுமே இல்லை. வேறு மேகசினைப் போட்டுக் கொடுத்ததும் ஒழுங்காக வேலை செய்தது.

இன்னொரு காரணம் ரவுண்டு. மெல்லிய எண்ணெய் எந்த இடுக்கிலும் நுழையும். நாள்கணக்கில் எண்ணெயில் கிடந்தால் ரவுண்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பைச் சுற்றியும் நுழையலாம். அப்புறம் ட்ரிக்கரை அழுத்தினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான். உயிரைக் காப்பாற்றுவதற்காக இடுப்பில் கட்டியிருக்கும் சாமான் அந்த நேரத்தில் ஊமையாவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

"அப்படியானால் துரு பிடிக்காதா மாமா?" என்றான் தம்பி. நியாயமான கேள்வி. துருவைக் கூட்டுகிற கடல்காற்றின் உப்பு எண்ணெயில் கரையாது. உப்பின் மேல் எண்ணெய் பூசினால் உப்பு அடியில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்க்கும். பழைய .303 ரைஃபிள் காலத்து ரவுண்டு கேப்பில் ஒரு உப்புச் சத்து இருந்தது. சுட்டு முடித்ததும் பேரலுக்குள் கொதிக்கும் வெந்நீர் ஊற்றிக் கழுவிய பிறகுதான் எண்ணெய் போடுவார்கள். காசிமேட்டில் படகு எஞ்சின் பார்க்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கடல் தண்ணீர் பட்டதை முதலில் நல்ல தண்ணீரில் அலசு என்பார்கள். இரும்பு மேகசினுக்கும் அதேதான். கடல்காற்றில் டூட்டி முடித்து வந்தால், மழையில் நனைந்தால், கழற்றிய உதிரிகளைச் சுடுதண்ணீரில் அலசி, உடனே துடைத்து, ஈரமே இல்லாமல் உலர்த்துங்கள். பிறகு துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஸ்பிரிங்கையும் மேகசின் குழாயின் வெளிப்புறத்தையும் ஒரு தடவை தடவி, காய்ந்த துணியால் மறுபடி துடைத்து எடுத்துவிடுங்கள். கையில் பிசுபிசுப்பு தெரிந்தால் இன்னும் அதிகம் என்று அர்த்தம். குழாயின் உட்புறத்துக்கு நைலான் பிரஷ், காய்ந்த துணி, அவ்வளவுதான். குழாயின் வெளியே முன்பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள். மேகசின் இல்லாதபோது ட்ரிக்கரை நிறுத்தி வைக்கிற பாகம் அந்த முகத்தில்தான் உரசுகிறது. அங்கே துரு சொரசொரத்தால், பொத்தானை அழுத்தினாலும் மேகசின் கீழே விழாமல் தயங்கும்.

திரும்ப மாட்டுவதற்கு முன் மேல் உதடு இரண்டையும் வெளிச்சத்தில் பாருங்கள். ரவுண்டைப் பிடித்து வைத்து, சரியான கோணத்தில் விடுவது அந்த இரண்டு மடிப்புகள்தான். சிமெண்ட் தரையில் ஒரு தடவை விழுந்தால் போதும், ஒரு பக்கம் லேசாக விரிந்துவிடும். குறடு வைத்து நீங்களே வளைக்காதீர்கள். ஆர்மரரிடம் கொடுங்கள்.

பவுச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2016 டிசம்பர் 12ல் வர்தா புயல் அடித்தபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கோத்துக்குள் சுவரே வியர்த்தது. ரேக்கில் காற்றோட்டமாக நின்ற மேகசின்கள் தப்பித்தன. தோல் பவுச்சுக்குள் இருந்தவற்றை உருவினால், தோல் ஒட்டியிருந்த அளவுக்குச் சரியாகச் செம்பழுப்புப் பட்டை, அதன் ஓரத்தில் பவுச்சுத் தையலின் புள்ளிகள்கூட வரிசையாகத் துருவில் பதிந்திருந்தன. தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பதனிட்ட சரக்கும் அதில் சேர்ந்துகொள்ளும். டூட்டி முடிந்தால் மேகசின் தனியாக, பவுச் தனியாக.

மாட்டி முடித்ததும் பென்சிலின் பின்முனையால் ஃபாலோயரை அடிவரை அமுக்கி விடுங்கள். துள்ளி மேலே வர வேண்டும். ஒவ்வொரு மேகசினின் அடியிலும் ஒரு எண் எழுதி வையுங்கள். தகராறு வந்தால் எந்த எண்ணில் வந்தது என்று நோட்டில் குறியுங்கள். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால், முதலில் ஸ்பிரிங்கை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.