பொதிகை அடிவாரத்தில் ரெண்டு ராத்திரி: தண்ணியைப் பார்த்துத் தேதி குறிங்க

திருநெல்வேலி மாவட்டத்து முண்டந்துறை, மாஞ்சோலைப் பக்கம் காட்டு பங்களாவில் தங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் பார்ப்பது லீவு எப்போது என்பதைத்தான். பார்க்க வேண்டியது தண்ணியை. பொதிகைக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. தாமிரபரணி வற்றாமல் ஓடுவது அதனால்தான். ஆனால் அதே தண்ணி மாதத்துக்கு ஒரு குணமாக இருக்கும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். குளிர்ச்சிக்குக் குறைவில்லை. ஆனால் துணி காயாது, அட்டை ஏறும், பாறையெல்லாம் பாசி. ஆடி அமாவாசையை ஒட்டி சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் திரளும், வாகனங்களுக்குக் கட்டுப்பாடு போடுவார்கள். கோயிலுக்குப் போகிறவர்களைத் தவிர மற்றவர்கள் அந்த வாரத்தை விட்டுவிடுவது நல்லது. அக்டோபர் நடுவில் இருந்து டிசம்பர் முடிய வேண்டவே வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வெள்ளம் எப்படிப் போனது என்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2021-இல் பொங்கல் சமயத்தில்கூட வெள்ளம் வந்தது. அதனால் பொங்கல் கழிந்து ஒரு பத்து நாள் விட்டு, பிப்ரவரி கடைசிக்குள் போய்வருவதுதான் என் கணக்கில் சரியான காலம். ஊற்றுகள் நிறைந்திருக்கும், ஓடை தெளிந்திருக்கும். அதற்குப் பிறகு காட்டுத்தீ பயத்தால் பாதைகளை மூட ஆரம்பிப்பார்கள்.

களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். ஓடைக்கரையில் நம் இஷ்டத்துக்குக் கூடாரம் அடிக்க முடியாது. வனத்துறை ஓய்வு விடுதியில் இடம் கிடைத்தால்தான் உள்ளே ராத்தங்கல். முண்டந்துறை, மாஞ்சோலைப் பகுதிக்கு அம்பாசமுத்திரம் துணை இயக்குநர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். கேட்கும்போது இவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்: செக்போஸ்ட்டை எத்தனை மணிக்கு அடைப்பார்கள், சமைத்துத் தர ஆள் உண்டா, பாத்திரம் உண்டா, கேஸ் அடுப்பு கொண்டுவரலாமா, ராத்திரி கரண்ட் இருக்குமா, குடிதண்ணி குழாயில் வருகிறதா அல்லது ஓடையில் இருந்தா. கடைசிக் கேள்வியை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். மற்ற சாமான்களின் அளவு அந்தப் பதிலைப் பொறுத்தது.

தண்ணி ஓடையில் இருந்துதான் என்றால், ஊற்றா, மேலே இருந்து வழிந்து வருவதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பாறை இடுக்கில் கசியும் நல்ல ஊற்று மழை பெய்த மறுநாளும் ஏறக்குறைய அதே அளவில், அதே தெளிவில் வரும். மழைக்கு மறுநாள் கலங்கினால் அது ஊற்றில்லை, மேல்தண்ணி. மிளா மானும் பன்றியும் இறங்கிக் குடித்த ஓடையின் வால் அது. சில சுனைகளில் ஓரமாகத் துருநிறத்தில் கொழகொழவென்று படிந்து, மேலே எண்ணெய்ப் படலம் போல மினுங்கும். ஒரு குச்சியால் அந்தப் படலத்தைத் தொடுங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து விலகினால் இரும்புச் சத்தால் வந்தது, ருசிதான் கெடும். உடையாமல் சுழன்று மறுபடி கூடினால் அது நிஜமாகவே எண்ணெய். அந்தத் தண்ணியைத் தொடாதீர்கள்.

எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். நாலாக மடித்த காடாத் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிஷம் விட்டு இறக்கினால் போதும். குளோரின் மாத்திரை போடுவதாக இருந்தால் மாத்திரை உறையில் சொன்ன அளவுப்படி போட்டு அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். கலங்கல் தண்ணியில் அது சரியாக வேலை செய்யாது, ஏனென்றால் மண்ணும் சருகும் குளோரினை இழுத்துக்கொள்ளும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் தூக்கும் குடமும் கொண்டுபோனால் செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் பாட்டில் தொந்தரவு இல்லை.

சாப்பாட்டுக் கணக்கு, ஆறு பேருக்கு ரெண்டு ராத்திரி: ஆளுக்கு வேளைக்கு 125 கிராம் அரிசி வைத்தால் ஒரு வேளைக்கு முக்கால் கிலோ. மூன்று வேளைச் சோற்றுக்கு ரெண்டேகால் கிலோ, இரண்டரையாக எடுங்கள். முதல் நாள் பகலுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி வாழை இலையில் கட்டிப் போனால் அடுப்பே வேண்டாம். ராத்திரிக்குக் கூட்டாஞ்சோறு நல்லது; ஒரே பாத்திரத்தில் முடியும், கழுவுகிற வேலையும் தண்ணியும் மிச்சம். தேங்காய் அரைத்த குழம்பு வெயிலில் நாலைந்து மணி நேரத்தில் நொதித்துவிடும், அதைத் தவிருங்கள். கருப்பட்டியும் சுக்கும் மறக்கக் கூடாது.

கேஸுக்கு அனுமதி கிடைத்தால், ஒற்றை பர்னர் மணிக்குச் சுமார் 150 முதல் 200 கிராம் எரிக்கும். ஆறு மணி நேரச் சமையலுக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. அரைவாசிக்கு மேல் இருக்கிற 5 கிலோ சிலிண்டர் தாராளம். புறப்படுமுன் வீட்டில் மாட்டி, இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழ் வந்தால் பெரும்பாலும் ரெகுலேட்டருக்குள் இருக்கிற ரப்பர் வாஷர்தான் தேய்ந்திருக்கும். காட்டுக்குள் அது கிடைக்காது. பெட்ரோல், மருந்து, மெழுகுவத்தி எல்லாம் அம்பாசமுத்திரத்திலோ விக்கிரமசிங்கபுரத்திலோ முடித்துக்கொள்ளுங்கள்.

குரங்குக்குப் பயந்து ஜன்னல் கொண்டியைப் போட்டே வையுங்கள். கம்பி வழியாகக் கையை விட்டுப் பையை இழுத்துவிடும். மிச்சச் சோற்றை வெளியே கொட்டினால் ராத்திரி கரடியும் பன்றியும் வரும், பிறகு வாசலில் கால் வைக்க முடியாது. அட்டை கடித்தால் பிடுங்காதீர்கள். நகத்தை அதன் வாயோரம் பக்கவாட்டில் நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் உறையாதபடி அது ஒரு திரவம் விட்டிருக்கும், அதனால் வெகுநேரம் கசியும். சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். பாம்பு தீண்டினால் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. ஆளை அசையாமல் படுக்கவைத்துத் தூக்கி அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இனி வெள்ளம். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே மழை பெய்திருக்கலாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். கவனிக்க வேண்டியவை மூன்று: தெளிந்த தண்ணி டீ நிறமாவது, சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது, ஓசை கனப்பது. ஒன்றைக் கண்டாலும் துண்டையும் செருப்பையும் எடுக்க நிற்காமல் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். ஓடை போகிற திசையில் ஓடக் கூடாது. பிள்ளைகளைக் கசத்தின் (ஆற்றில் ஆழமான மடு) பக்கம் விடவே வேண்டாம். மேலே அமைதியாகத் தெரிகிற இடம்தான் கீழே ஆழம்.

சோப்பு, ஷாம்பு, எண்ணெய் மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். இங்கே கரைகிற நுரையைத் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விடுகிற துணி மூட்டை மூட்டையாகப் பாறையிடுக்கில் சிக்கிக் கிடப்பதைப் பார்க்கவே வயிறு எரிகிறது. தயவுசெய்து நீங்கள் ஒரு கைக்குட்டைகூட விடாதீர்கள்.

புறப்படுகிற அன்று காலையில் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். மழை என்றால் அனுமதியை நிறுத்திவிடுவார்கள். அப்படி ஆனால் செக்போஸ்ட்டில் நின்று மல்லுக்கட்டாமல் அம்பாசமுத்திரத்தில் அறை எடுங்கள். மழை விட்டுத் திறந்தால் பகலில் அகத்தியர் அருவி. திறக்காவிட்டால் ஆற்றுப்பக்கம் போகாமல் ஊர்க் கோயில்களைப் பார்த்துவிட்டு, அரிசி பருப்பைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம்.