லோடு இறக்கப் போனவனுக்கு ஓ.டி. கிடையாது

"கபடிக்குப் போனவனுக்கு ஓ.டி. போடறீங்க சார். நான் லோடு இறக்கப் போறேன், எனக்குக் கிடையாதா?"

"அவன் காலேஜுக்காகப் போறான் தம்பி."

"நானும் காலேஜ் ஃபீஸுக்காகத்தான் சார் போறேன்."

இவ்வளவுதான் பேச்சு. ஓ.டி. என்றால் ஆன் டூட்டி, கல்லூரிக்காக வெளியே போனவன் வகுப்புக்கு வராவிட்டாலும் வந்ததாகப் போடும் அட்டெண்டன்ஸ். சுற்றி நின்ற பையன்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் ஸ்டாஃப் ரூமில் இதை ஒரு ஜோக்காகவே சொன்னேன். ஆனால் ஒவ்வொரு செமஸ்டரும் அட்டெண்டன்ஸ் குறைந்தவர்களின் ஷார்ட்டேஜ் பட்டியல் தயாராகும்போது இது தானாக நினைவுக்கு வந்துவிடுகிறது.

எங்கள் கல்லூரியில் பரீட்சை எழுத 75 சதவீத அட்டெண்டன்ஸ் வேண்டும். 65 வரை, குறைவை மன்னிப்பதற்கான கண்டனேஷன் ஃபீஸ் கட்டிச் சமாளிக்கலாம். அதற்கும் கீழே போனால் அடுத்த செமஸ்டரில்தான் எழுத முடியும். அவனுக்கு 62. ராத்திரி முழுக்கக் காந்தி மார்க்கெட்டில் காய்கறி மூட்டை இறக்குகிறவனுக்கு முதல் இரண்டு ஹவர் போய்விடும். அந்த முதல் ஹவர் பெரும்பாலும் என்னுடையது, காஸ்ட் அக்கவுண்டிங். லேபர் காஸ்ட், ஓவர்டைம், ஹால்ஸி போனஸ் என்று கூலியைப் பற்றித்தான் நடத்திக்கொண்டிருந்தேன். சரி, அது தற்செயல். அதில் அர்த்தம் தேட வேண்டாம்.

பட்டியலில் கையெழுத்துப் போட்டேன். போடாமல் என்ன செய்வது? அதே வகுப்பில் துறையூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வரும் பெண் இருந்தாள். சாயங்காலம் ஜவுளிக்கடையில் நின்றுவிட்டு மறுநாள் சரியான நேரத்துக்கு வரும் பையன்களும் இருந்தார்கள். இவனுக்கு விட்டுக்கொடுத்தால் அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? அவனும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அடுத்த செமஸ்டரில் எழுதினான், பாஸ் செய்தான், டிகிரியும் வாங்கினான்.

இப்படிச் சொல்லிக்கொள்ளும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் கபடிப் பையன்களில் சிலர் மேட்ச் முடிந்த மறுநாளும் வர மாட்டார்கள், அதற்கும் சேர்த்து ஓ.டி. ஃபார்ம் வரும். பி.டி. சாரோடு எதற்கு வம்பு என்று அதிலும் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்போது அந்தப் பஸ் பெண் என் நினைவுக்கு வந்ததில்லை. விதி என்று நான் பிடித்துக்கொண்டதெல்லாம், கேட்க ஆளில்லாதவனிடம் மட்டும்தானோ? அப்படியும் முழுதாகச் சொல்ல முடியாது. செயலாளரின் உறவுக்காரப் பையனையும் ஒருமுறை நிறுத்தி வைத்தவன்தான் நான். (அந்தக் கதையை மட்டும் எல்லோரிடமும் சொல்வேன்.)

பின்னால் துறைத் தலைவர்கள் கூட்டத்தில், வேலை பார்த்துப் படிக்கிறவர்களுக்கு ஐந்து சதவீதமாவது தளர்வு கொடுக்கலாம் என்று பேசிப் பார்த்தேன். முதல்வர் நல்லவர், பொறுமையாகக் கேட்டார். "சான்று என்ன வாங்குவீங்க? மண்டிக்காரர் லெட்டர்பேடில் எழுதித் தருவாரா?" என்றார். தர மாட்டார். கணக்கில் இல்லாத ஆளுக்கு யார் எழுதித் தருவார்கள்? அப்படியே தந்தாலும் அடுத்த செமஸ்டரில் பாதி வகுப்பு மண்டிச் சான்றோடு நிற்கும், அதுவும் எனக்குத் தெரியும். நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்து சதவீதம் கொடுத்திருந்தாலும் அவனுக்கு 67தான் ஆகியிருக்கும். கண்டனேஷன் ஃபீஸ் கட்டியிருக்க வேண்டும். அதற்கும் அவன் மூட்டைதான் இறக்கியிருப்பான்.